ஆமை வரைந்த பாட்டில்

1.

இந்தக் கதை ஒரு சட்டையிலிருந்து கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உள்ளொளி, உந்துதல் எதுவும் கிடையாது. ஒசாகாவின் தெற்கே, டிராம் ஓடும் பக்கத்தில், கூரை போட்ட கடைத்தெருவில் நான் சலவைக்கடை வைத்திருக்கிறேன். யார் வீட்டில் யார் எதைத் தின்றார்கள் என்பதை அவர்கள் சொல்லும் முன்பே காலர் எனக்குச் சொல்லிவிடும்.

கன்ஸோவின் சட்டையில் சிகரெட் புகையும், மிஸோ என்கிற உப்புச் சோயா விழுதின் வாசமும் இருந்தன. கொண்டுவந்து கொடுத்தவள் அவர் மனைவி தோகிகோ.

"சாயங்காலம் ஆனா ஆத்தங்கரைப் பக்கம் நடந்துட்டு வர்றாரு," என்றாள்.

ஆற்றங்கரையில் மிஸோ காய்ச்சுகிறார்களா என்று கேட்க வாய் துறுதுறுத்தது. கேட்கவில்லை.

[முந்தைய வரியை நம்ப வேண்டாம். "ஆத்தங்கரையில இப்பல்லாம் சாப்பாட்டுக் கடை போட்டுருக்காங்களா அக்கா?" என்று கேட்டேன். அவள் முகம் வாடியதைப் பார்த்ததும் பேச்சைப் பட்டனுக்கு மாற்றினேன்.]

2.

முதல் தொடக்கம்: "இலையுதிர்காலக் காற்று கடைத்தெருவைத் தழுவிச் செல்ல" — கூரை போட்ட தெருவில் காற்று எப்படித் தழுவும்? அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "தோகிகோ தன் கணவனை முழுமையாக நம்பினாள், ஏனென்றால்"

ஏனென்றால் என்ன? அவள் நம்பவில்லை. அதனால்தானே கதை.

நேராகவே சொல்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் கன்ஸோவின் கல்லீரல் கெட்டுப்போனது. இனி ஒரு சொட்டு தொட்டாலும் ஆள் மிஞ்சமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டிலிருந்த விஸ்கியை எல்லாம் தோகிகோ தொட்டியில் கொட்டினாள். அவர் பக்கத்தில் நின்று, இழவு வீட்டில் நிற்பதுபோல் தலைகுனிந்து பார்த்தார். சத்தியமும் செய்தார். அன்றிலிருந்து உப்பில்லாத சமையல். அவருக்கு மட்டுமல்ல, துணைக்கு அவளுக்கும். வெளியே போய்ச் சாப்பிடுவதை அடியோடு விட்டாள்.

அவர் நடந்துவிட்டு வரும்போதெல்லாம் கோட்டைக் கழற்றி வாங்கும் சாக்கில் மூச்சை மோப்பம் பிடிப்பாள். எப்போதும் புதினா மிட்டாய் வாசம். சாராய வாசம் வந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். புதினாவோடு எப்படிச் சண்டை போடுவது?

3.

எங்கள் தெருவில் வருடத்துக்கு ஒருமுறை தீனி வாரம் வரும். ஒவ்வொரு கடையும் ஒரு சின்னத் தட்டு மட்டும் கொடுக்கும். நாம் ஒவ்வொன்றாக ஏறி இறங்க வேண்டும். தெருக்காரர்கள் போகாவிட்டால் மரியாதை இல்லை. தோகிகோவை வீட்டிலிருந்து கிளப்பியவள் டோஃபு கடை ஹருனோ.

(ஹருனோவை இந்தக் கதையில் வைத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் சந்தேகம். அவளிடம் ஒரு சேதி சொன்னால் டோஃபு உறைவதற்குள் தெருமுனைக்குப் போய்விடும். ஆனால் அவள் இல்லாமல் தோகிகோ படி தாண்டியிருக்கமாட்டாள். இருக்கட்டும்.)

முதல் நாள் ஓதென். சாற்றில் ஊறி ஊறிப் பழுப்பேறிய முள்ளங்கித் துண்டை தோகிகோ வாயில் வைத்தாள், கண்ணை மூடினாள், திறக்கவே இல்லை.

"என்னடி, உசுரோட இருக்கியா?" என்றாள் ஹருனோ.

"உப்பு இருக்கு அக்கா," என்றாள் தோகிகோ. அவ்வளவு மெதுவாக.

மறுநாள் குச்சியில் குத்திப் பொரித்ததெல்லாம். சாஸ் எல்லோருக்கும் பொதுச் சட்டியில் இருக்கும். கடித்த குச்சியை மறுபடி முக்கக் கூடாது. தோகிகோ தாமரைத் தண்டைக் கடித்துவிட்டு, பழக்கம் விட்டுப்போன ஆள் ஆயிற்றே, குச்சியைச் சட்டிக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் கரண்டியால் மேசையைத் தட்டினார்.

"அண்ணி, உங்க எச்சில் எங்களுக்கு அமிர்தந்தான். ஆனா சுகாதாரத்துறைக்கு அது தெரியாது."

தோகிகோ சிரித்தாள். இரண்டு வருடமாகக் கடைத்தெருவில் யாரும் கேட்காத சிரிப்பு. முட்டைக்கோஸ் இலையால் சாஸை அள்ளி ஊற்றிக்கொண்டு இன்னும் நான்கைந்து தின்றாள். அடுத்தடுத்த நாட்களில் ஆக்டோபஸ் உருண்டை நாக்கைச் சுட்டது, உதோன் நூடுல்ஸ் மூக்கில் ஏறியது. வீடு திரும்பும்போது மட்டும் சிரிப்பு அணைந்துவிடும். அந்த நேரத்தில் கன்ஸோ ஆற்றங்கரையில் இருப்பாராம்.

4.

இங்கிருந்து கொஞ்சம் கவனமாக எழுத வேண்டும்.

வாரக் கடைசியில் நானும் சேர்ந்துகொள்ள, மூவருமாக டிராம் பாதையை ஒட்டிய சந்தில் இருக்கும் மதுக்கடைக்குப் போனோம். ஆறு பேர் உட்கார்ந்தால் ஏழாவது ஆள் மூச்சை அடக்க வேண்டிய கடை. மாட்டுத் தசைநாரை மிஸோவில் குழையக் குழைய வேகவைத்துத் தட்டில் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர், எல்லாரும் மாஸ்டர் என்று கூப்பிடும் இவாகுரா. வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு அந்தச் சட்டை ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். [இதை நம்பலாம்.]

மாஸ்டரின் முதுகுப் பக்கம் வாடிக்கையாளர்களின் பாட்டில்கள் வரிசையாக நின்றன. முழு பாட்டிலாக வாங்கி, கழுத்தில் பெயர்ச்சீட்டு மாட்டி விட்டுப்போனால், வரும்போதெல்லாம் அதிலிருந்து ஊற்றிக் கொடுப்பார்கள்.

தோகிகோ மெல்லுவதை நிறுத்தினாள்.

நடுவரிசையில், பாதி காலியான விஸ்கி பாட்டில். கழுத்தில் "கன்ஸோ". பெயருக்குக் கீழே ஓர் ஆமை. கன்ஸோ கையெழுத்துப் போடும் இடத்திலெல்லாம் வரையும் அதே அசட்டு ஆமை. அவர்கள் வீட்டுத் தபால்பெட்டியிலும் அதுதான் இருக்கிறது.*

* பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். ஆமையை மாற்ற மனம் வரவில்லை.

5.

இந்த இடத்தில் ஹருனோ கடைக்குள் இருக்கக் கூடாது. ஆகவே அவளைக் கழிப்பறைக்கு அனுப்புகிறேன். எழுதுகிறவர்களுக்கு உள்ள அதிகாரம் இவ்வளவுதான். (உண்மையிலும் போனாள். அத்தனை பியர் குடித்திருந்தாள்.)

"அந்த பாட்டில எடுங்க," என்றாள் தோகிகோ.

"அது வேற ஒருத்தரோடது அண்ணி."

"நான் அந்த ஒருத்தரோட பொண்டாட்டி. ஊத்துங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன். அவர் பாட்டிலை எடுத்து, ஐஸ் போட்டு, ஊற்றினார். தோகிகோ வாழ்நாளில் விஸ்கியைத் தொட்டவள் இல்லை. மருந்து குடிப்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் முக்கால்வாசியைக் குடித்தாள்.

பிறகு தம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள். மிச்சத்தை என் பக்கம் தள்ளினாள். நான் உறிஞ்சினேன்.

பார்லி டீ. கோடையில் எல்லார் வீட்டு ஃப்ரிட்ஜிலும் இருக்கும் அதே பழுப்பு நிற பார்லி டீ.

"ரெண்டு வருசமா இதான்," என்றார் மாஸ்டர், கழிப்பறைக் கதவைப் பார்த்துக்கொண்டே. "வெறும் தண்ணியோட உக்காந்தா கூட்டாளிங்க பாவம் பாப்பாங்களாம். அது அவருக்கு ஆகாது. நான்தான் தினம் காய்ச்சி நிரப்பி வைக்கிறேன். போதை ஏறின மாதிரி தள்ளாடி வேற காட்டுவாரு. போன வாரம் கொஞ்சம் ஓவராப் போயி, நிஜமாவே குடை ஸ்டாண்டு மேல விழுந்துட்டாரு."

"புதினா மிட்டாய்?"

"அது மிஸோ வாசத்துக்கு. உப்பு தின்னது தெரிஞ்சா நீங்க கொன்னுடுவீங்கன்னாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா அண்ணி? சாராயக்கடைக்குப் போறேன், ஆனா டீ குடிக்கத்தான்னா?"

தோகிகோவின் தோள்கள் தளர்ந்து இறங்கின. இரண்டு வருடமாக அவள் தோள்கள் தூக்கியே இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தட்டு குடுங்க," என்றாள். "தம்ளரும்."

ஹருனோ திரும்பி வந்தபோது தோகிகோ கன்ஸோவின் பாட்டிலிலிருந்து இரண்டாவது தம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, நீயுமா?" என்றாள் ஹருனோ.

அப்போது கதவு திறந்தது. இரண்டு கூட்டாளிகளுடன் கன்ஸோ.

6.

முடிவு, முதல் பிரதி: தோகிகோ எழுந்து, எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைக்கிறாள். (எழுதிப் பார்த்தேன். கன்ஸோவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிழித்துவிட்டேன்.)

இரண்டாம் பிரதி: அவள் ஒன்றும் பேசாமல் தலைகுனிந்து வெளியேறுகிறாள், டிராம் மணி ஒலிக்க, அவளது நிழல்

வேண்டாம். அவளுக்குப் பசி இருந்தது. தட்டில் இன்னும் பாதி இருந்தது.

மூன்றாவது, நான் கண்ணால் பார்த்தது:

கன்ஸோ வாசலிலேயே நின்றுவிட்டார். பார்வை பாட்டிலுக்குப் போனது, தம்ளருக்கு வந்தது, மனைவியிடம் வந்து நின்றது. பின்னால் நின்ற கூட்டாளி, "பாருய்யா, அண்ணி உன் சரக்கையே காலி பண்ணிட்டாங்க," என்றான்.

தோகிகோ எழுந்தாள். எழுந்தவள் தள்ளாடினாள். மேசையைப் பிடித்தாள், என் தோளைப் பிடித்தாள். நாக்கு குழறியது.

"என்னங்க, உங்க சரக்கு ரொம்பக் காட்டமா இருக்கே. ரெண்டு தம்ளருக்கே தரை ஆடுது. என்னைக் கையப் புடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

"குடிகாரன் வீட்டுல குடிகாரியும் சேந்தாச்சு," என்றாள் ஹருனோ, மறுநாள் தெரு முழுக்கச் சொல்லப்போகிற குரலில். கூட்டாளிகள் வழிவிட்டார்கள், மரியாதையோடு. கன்ஸோ மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் துடைத்த தம்ளரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

மனைவியின் கையைப் பிடித்தார். இருவரும் சந்தில் இறங்கினார்கள். அவள் தள்ளாட, பழக்க தோஷத்தில் அவரும் தள்ளாட, ஒரு சொட்டுச் சாராயம் உள்ளே போகாத இரண்டு பேர் சுவருக்குச் சுவர் முட்டிக்கொண்டு நடந்தார்கள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியுமா? அல்லது தன் ரகசியத்தைக் காப்பாற்ற மாஸ்டர் அவசரமாக அவளுக்கு நிஜ விஸ்கியை ஊற்றிவிட்டார் என்று நினைத்தாரா? அதைப் பார்க்கத்தான் பின்னாலேயே எட்டு வைத்துப் போனேன். டிராம் பாதை வளைவில் தோகிகோ நின்று, தலையைத் தூக்கி அவரிடம் என்னவோ சொன்னாள். டிராம் குறுக்கே வந்துவிட்டது. அது போனபோது அங்கே யாரும் இல்லை.

அவள் சொன்னதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். டிராம் வருமுன் என்ன சொன்னாய் என்று அவளிடமே கேட்டுப் பார்த்தேன், திங்கட்கிழமை, சட்டை கொண்டுவந்தபோது. "எந்த டிராம்?" என்றாள். சட்டையில் மிஸோ வாசம். இந்த முறை இரண்டு சட்டைகள், ஒன்று அவளுடையது.