தினமும் பயன்படும் பொருள்

கதை எழுதும் வகுப்புக்கு வீட்டில் தினமும் பயன்படும் பொருள் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஏழாம் வகுப்பு தர்ஷிகா தன் அம்மாவைக் கொண்டுபோனாள்.

மங்கையர்க்கரசி இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மிக்ஸி ரிப்பேர். புருஷன் துபாயில். தினமும் பயன்படுவது என்று அந்த வீட்டில் வேறு என்னதான் இருக்கிறது? வகுப்பு மேஜைமேல் தோசைத் திருப்பிக்கும் ஒரு கறுப்புக் குடைக்கும் நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பொருளாகவே இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா.

"ஆளுக்கு ஒரு வரி, எல்லாரும் சேர்ந்து ஒரே நோட்டுல ஒரே கதை," என்றார் எஸ்தர் மிஸ். "எழுதுனது எழுதுனதுதான். அழிக்கக் கூடாது."

"மிஸ், எனக்கு நாலு மணிக்குத் தண்ணி வரும்," என்றாள் மங்கையர்க்கரசி.

"பொருள் பேசக் கூடாதும்மா."

முதல் பெஞ்சுப் பையன், 'இது காலையில் சூடாகும்' என்று எழுதினான். அவளுக்கு உடம்பு கொதித்தது. அடுத்தவள், 'இதற்கு ஒரு கைப்பிடி உண்டு' என்று எழுதினாள். இடது இடுப்பில் கைப்பிடி முளைத்தது. பிளாஸ்டிக்தான், ஆனால் கெட்டி. இன்னொருத்தன் விசில் அடிக்கும் என்று எழுதினான். அடித்தாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

"கடைசி வரி யாருது?" என்று குடை மெல்லக் கேட்டது.

"எம் பொண்ணோடது."

"வீட்டுக்குப் போச்சுன்னு எழுதணும். இல்லாட்டி இந்த வகுப்பு பீரோதான். நான் மொதல்ல குடை இல்ல."

"எம் பொண்ணு எழுதுவா."

"எம் பையனும் எழுதுவான்னுதான் நெனச்சேன்."

மங்கையர்க்கரசி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லாரையும் போலவா அவள் வளர்த்திருக்கிறாள்? கட்டுரைப் போட்டி என்றால் கூடவே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவள் அவள். உண்மையா நடந்ததை எழுது, முடிவு மனசைத் தொடணும் என்று படித்துப் படித்துச் சொன்னவளும் அவள்தான்.

நோட்டு பின்னால் போகப் போக வகுப்பு நீண்டது. புதுப் பெஞ்சுகள் வந்து உட்கார்ந்தன. அதில் இருந்தவர்களும் ஆளுக்கு ஒரு வரி எழுதினார்கள். அவளுக்கு மூடி வந்தது, துரு வந்தது. கடைசி பெஞ்சில் தர்ஷிகா கடுகளவு தெரிந்தாள். பென்சிலைக் கடித்து யோசித்தாள். பிறகு எழுதி, எழுந்து நின்று, தானே சத்தமாக வாசித்தாள்.

"இந்தப் பொருள் மத்தியானம் குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழும். யாரிடமும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறது."



"அருமை!" என்றார் எஸ்தர் மிஸ். "இதுதான் முடிவு. எல்லாரும் கை தட்டுங்க."

தோசைத் திருப்பிகூடத் தட்டியது. மங்கையர்க்கரசி மட்டும் எரிச்சலில் தட்டவில்லை. பெற்ற பெண்ணே இப்படிக் காட்டிக்கொடுத்துவிட்டாளே. அதுவும் நல்ல வரி. ஒரு வார்த்தை கூடுதல் இல்லை. வீட்டுக்குப் போவதைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை.

மணி அடித்தது. மிஸ் அவளைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி பீரோவின் நடுத்தட்டில் வைத்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. தர்ஷிகா மேஜையிலிருந்து குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்று திரும்பிப் பார்த்தாள். மங்கையர்க்கரசிக்கு அந்த எரிச்சலிலும் நெஞ்சு துள்ளியது.

"அம்மா, சாவி எங்க?"

சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள்.

"மீட்டர் பெட்டி மேல," என்றது வாய்.

மிஸ் பீரோவைச் சாத்தினார். கதவிடுக்கு வழியாக வராந்தா தெரிந்தது. குடை விரிந்து தர்ஷிகாவின் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தது.

"மத்தியானம் சாப்பிட்டியாடா?" என்று கேட்டது குடை.

"இல்லம்மா," என்றாள் தர்ஷிகா.