மறியலுக்கு வராத வீடு

ஐந்தாவது வீட்டிலும் தவமலர் வாயைத் திறந்ததுமே கதவு பாதி சாத்திக்கொண்டது. திருகோணமலைப் பேச்சு. கள்ளக்குறிச்சியில் அதைக் கேட்டவர்கள் “பாவம்” என்பார்கள். வீடு மட்டும் தரமாட்டார்கள்.

அவள் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தாள். தங்கியிருந்ததோ லாட்ஜின் மாடி அறையில். பக்கவாதம் வந்த அப்பா ஐயாத்துரையைப் படியிறக்கிக் கக்கூசுக்குக் கூட்டிப்போவதற்குள் இருவருக்கும் மூச்சு வாங்கிவிடும்.

ஆறாவது வீடு கரும்பு விவசாயி கண்ணாயிரத்துடையது, கச்சிராயபாளையம் சாலையில். பின்கட்டு காலியாக இருந்தது. படி கிடையாது. ஒட்டினாற்போல் கக்கூசு. ஜன்னலைத் திறந்தால் கரும்புக்கொல்லைக் காற்று.

“இன்னா ஜாதி நீங்க?” என்றார் கண்ணாயிரம்.

“அதைக் கேட்டுத்தான் வீடு தருவியளோ?”

“கேக்காம எவன் குடுப்பான்?”

அவள் சொல்லவில்லை. அவர் மனைவி அம்சவள்ளிதான், “நாடு வுட்டு வந்ததுங்க, குடுங்க” என்றாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தார்.

ஒன்பது நாள் நிம்மதியாகப் போயிற்று. எண்பத்தேழு செப்டம்பரில் கண்ணாயிரத்தின் சாதிக்காரர்கள் இடஒதுக்கீடு கேட்டு நடத்திய சாலை மறியல் தொடங்குவதற்கு முதல் நாள், கண்ணாயிரம் நாலு ஆட்களோடு வந்து நின்றார்.

“நாளைக்கு வூட்டுக்கு ஒரு ஆளு ரோட்டுல குந்தணும். நீ வா.”

“நான் அகதி, அண்ணை. பொலிஸ் பிடிச்சால் முகாமுக்குள்ள போட்டிடுவாங்கள். ஐயாவை ஆர் பாக்கிறது?”

“எங்க ஊருல குடியிருப்பே, எங்களுக்காவ ஒரு நாளு வரமாட்டியா?”

“உங்கட பக்கம் நியாயம் இருக்கலாம். எனக்கு வரேலாது.”

மறுநாள் சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அப்பாவுக்கு மாத்திரை வாங்க அவள் நடந்தே போய்த் திரும்பியபோது உச்சி வெயில். முற்றத்தில் நாற்காலியில் ஐயாத்துரை. வேட்டி நனைந்திருந்தது. பக்கத்தில் டிரங்குப் பெட்டி, பாய், பாத்திரங்கள். கதவில் பூட்டு.

அம்சவள்ளி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“சாவி?”

“அவரு எடுத்துக்கினு மறியலுக்குப் போய்ட்டாரு. என்னிய கேக்காத.”

தவமலர் பாத்திரக் குவியலிலிருந்து அம்மிக்குழவியை எடுத்தாள். நாலாவது அடியில் பூட்டு தெறித்தது. “ஐயோ, ஒடைக்கிறாளே!” என்று அம்சவள்ளி கத்த, தெருவே கூடியது. குழவியை அவள் கீழே வைக்கவில்லை. யாரும் கிட்டே வரவில்லை. அப்பாவை உள்ளே இழுத்துவந்து, கழுவி, வேட்டி மாற்றி, கஞ்சி வைத்தாள்.

மறியலில் கைதான கண்ணாயிரம் பன்னிரண்டு நாள் கழித்துத் தாடியோடு வந்தார்.

“காலி பண்ணு.”

“பண்ணமாட்டன். இப்பிடி ஒரு வீடு கிடைக்கிற நாளில போறன்.”

அன்றே பின்கட்டுக்கு வரும் கரண்டைப் பிடுங்கினார். கிணற்றுக்கு வரக்கூடாது என்றார். அவள் தெருக்குழாயில் வரிசை நின்றாள். அவள் குடத்தை மட்டும் யாராவது தள்ளிவைப்பார்கள். அவள் திரும்ப முன்னால் வைப்பாள். ஏழு மாதம் அந்தத் தெருவில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. ஐயாத்துரை மட்டும் ஜன்னலோரம் படுத்துக்கொண்டு, “நல்ல காத்து, பிள்ளை” என்பார்.

சித்திரையில் அவர் இறந்தார். பாடை தூக்க, அவளிடம் டைப் படித்த மூன்று பேரும் ஒரு கூலியாளும் வந்தார்கள். காரியம் முடிந்த வாரமே தவமலர் பெட்டியைக் கட்டினாள். விழுப்புரத்தில் பெண்கள் விடுதியொன்றில் இடம் கிடைத்திருந்தது.

வாசலில் கண்ணாயிரம் நின்றிருந்தார். அவரும் போய்வா என்று சொல்லவில்லை. அவளும் போறன் என்று சொல்லவில்லை.