இரண்டாவது கேமரா

இரண்டாவது கேமராவை யாரும் பார்ப்பதில்லை. மேடைக்கு நேர் எதிரே நின்று "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று கத்துவது விக்ரமன் அண்ணன். செஞ்சி கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருப்பவர். நான் மேடை ஓரத்தில், லைட் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, மணப்பெண்ணின் முகத்தில் வந்துபோவதை எல்லாம் பிடிக்க வேண்டும். என் படங்களில் மற்றவர்களுக்குக் காதும் கன்னமும்தான். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

என் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடும் இருதயநாதன், மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கிக்கொண்டிருக்கும்போது மயங்கி விழுந்து, அங்கேயே போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை. குழியில் மண் போடும்போது, வெயில் உச்சிக்கு வந்துவிட்டது, முகமெல்லாம் நிழல் விழும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். "கல்லு மாதிரி நிக்கிறா பாரு" என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரமே ஒரு கல்யாண ஜோடியைப் படமெடுக்கக் கோட்டைக்கு அவுட்டோர் போனேன். பாதிப் படியில் கால் வலிக்கிறது என்று அந்தப் பெண் அழுதாள். பாவம் என்றுகூடத் தோன்றவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு நைனா படம் பெரிதாக வேண்டும் என்றான் தம்பி அலெக்சாண்டர். அடக்கத்தன்று ஆதார் கார்டுப் படத்தைத்தான் பெரிதாக்கி வைத்திருந்தோம். அதில் நைனா போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தார்.

"போட்டோக்காரி வூட்ல நைனாவுக்கு ஒரு நல்ல போட்டோ இல்ல. ஊரே சிரிக்கப்போவுது."

வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை.

ஆதாரை விட்டால், நைனா கேமராவுக்கு முன்னால் நின்றது எனக்குத் தெரிந்து ஒரே தடவை, பெரியம்மா மகளின் கல்யாண வரவேற்பில். எடுத்தது நாங்கள்தான். ஸ்டூடியோவுக்குப் போய்க் கேட்டேன், விக்ரமன் அண்ணன் தேடி எடுத்தார். பெண், மாப்பிள்ளை, பெரியம்மா எல்லோரும் நேராகப் பார்க்கிறார்கள். நைனா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். அடுத்த படத்திலும் அப்படியே.

"நல்லா நெனப்பு இருக்குது ஜோதி. 'பெரியவரே, இங்க பாருங்க'ன்னு எத்தினி தபா கத்தினேன்! திரும்பவே இல்ல. அப்பால உங்க நைனான்னு தெரிஞ்சி கம்முனு வுட்டுட்டேன்."

எனக்கும் நினைவிருந்தது. அவர் கத்தக் கத்த எனக்கு மானம் போனது. ஆனாலும் நைனா பக்கம் நான் பார்க்கவில்லை. பெண் கண் கலங்கியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அதை விட்டால் அண்ணன் திட்டுவார்.

"தலைய நேரா திருப்பிடலாம்மா, இப்பல்லாம் ஏஐ இருக்குது. இன்னா, கண்ணு கொஞ்சம் வேற ஆளு மாதிரி வரும்" என்றார்.

"இருண்ணா. என் படத்தயும் பாத்துடலாம்."

ஆல்பத்துக்கு அண்ணன் எடுத்ததிலிருந்துதான் பெரியம்மா வீட்டில் பொறுக்கினார்கள். என்னுடையதை யாரும் கேட்கவில்லை, நானும் அதன்பிறகு பார்க்கவில்லை. இப்போது திறந்தேன். வரிசையாகக் காதும் கன்னமும். கோடியில் நைனா மட்டும் நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். தேய்த்த வெள்ளைச் சட்டை, விழுந்த பல்லின் இடைவெளி தெரிகிற சிரிப்பு. மேடையில் கல்யாணம் நடப்பதே அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது. எல்லாப் படத்திலும் அப்படித்தான் நின்றார்.

எல்லாப் படத்திலும் மங்கலாக இருந்தார். நான் ஃபோகஸ் வைத்தது பெண் மேல். அவளுடைய ஜிமிக்கியின் ஒவ்வொரு கல்லும் பளிச்சென்று தெரிந்தது.

அண்ணன் படத்தைப் பெரிதாக்கி நைனா முகத்தில் நிறுத்தினார். பிறகு, "ஷார்ப் பண்ணித் தரேன்மா" என்றார்.

"வேணாண்ணா. இப்டியே பெருசா போட்டுக் குடு."

ஃபிரேம் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். தம்பி இரண்டு கையாலும் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இன்னாக்கா, மங்கலா இருக்குது?"

"நைனா என்னத்தான்டா பாத்துனு இருந்தாரு. நான்தான்..."

அடக்கத்தன்று வராத அழுகை அப்போதுதான் வந்தது.