மூன்று திரைகளும் ஒரு கூரையும்

"கண்ணு புவனா, ஊட்டு மேல ஆளு ஏறி ஓடு பிரிக்கறாங்க!"

போனில் மரியபுஷ்பம் கத்தியதும் புவனேஸ்வரிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. மரியபுஷ்பம் கரடியூர் எஸ்டேட் பங்களாவின் சமையல்காரி. குழம்பில் காரம் குறைந்தாலும் பேச்சில் குறையாது.

"எந்த ஊட்டு மேலங்க அக்கா?"

"எந்த ஊடா? நான் ரசம் வெச்சுட்டு நிக்கற ஊடுதான்! கோயமுத்தூர் அம்மிணி சாப்புட உக்காந்திருக்குது. அது தலைக்கு நேரா ஓடு போயிருச்சு. ரசத்துல தூசி, பாயசத்துல வெயிலு! இதச் சொல்ல டவர் தேடி தண்ணி டேங்க் மேல ஏறி நிக்கறேன். பெரியண்ணனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?"

புவனேஸ்வரியின் சிரிப்பு பாதியில் நின்றது.

பெரியண்ணனுக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை. ஓடு பிரிக்கச் சொல்லிக் காலையில் உத்தரவு அனுப்பியவளே அவள்தான். ஆனால் அது போக வேண்டிய இடம் கொட்டச்சேட்டில் இருக்கும் பழைய மூட்டைக் கொட்டகை. கரடியூர் பங்களாவுக்கு எப்படிப் போயிற்று?

கண் எதிரே இருந்த திரையைப் பார்த்தாள். போன வழி புரிந்துவிட்டது.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு மேலே, மாடியில் ஒற்றை அறை ஆபீஸ். அதில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதற்குள்ளிருந்து மூன்று பெரிய கம்ப்யூட்டர்களோடு அவள் பேசியாக வேண்டும். ஒன்று கொட்டச்சேட்டில், ஒன்று கரடியூரில், ஒன்று அடிவாரத்து வண்டி ஷெட்டில். காப்பிக் கம்பெனி அந்த மூன்று இடங்களையும் மூன்று முதலாளிகளிடம் மூன்று காலத்தில் வாங்கியது. இடங்களைச் சேர்த்தார்களே தவிர கம்ப்யூட்டர்களைச் சேர்க்கவில்லை. அதற்குப் பதிலாக டெர்மினல் எமுலேட்டர் என்றொரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு விசையைத் தட்டினால் ஒரு திரை போய் அடுத்த திரை வரும். மூன்றும் அந்தக் காலத்துப் புரோகிராம், மூன்றிலும் கறுப்புத் தரையில் பச்சை எழுத்து. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி அச்சாக ஒன்றே போல் இருக்கும்.

எது எந்த ஊர் என்று காட்டுவது, கீழே இடது மூலையில் மின்னும் ஒரு குட்டி எழுத்து மட்டும்தான். ஏ என்றால் கொட்டச்சேடு. பி என்றால் கரடியூர். சி என்றால் வண்டி ஷெட். இங்கே தட்டும் உத்தரவு அந்தந்த ஊர்ப் பிரிண்டரில் பேப்பராக வந்து வேலையாட்கள் கைக்குப் போகும்.

அந்த மூலையில் இப்போது ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு இருந்தது. அதன் நடுவில் குங்குமம்.

வைத்தவளும் அவளேதான். ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டரின் நான்கு மூலைக்கும் பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, பொரிகடலை படைத்துவிட்டுப் போனாள். போன வருஷம் வைத்த பொட்டு மறுநாளே உதிர்ந்தது, அந்த வாரமே கம்ப்யூட்டரும் படுத்தது. ஆகவே இந்த வருஷம் சந்தனத்தில் கொஞ்சம் கோந்து கலந்தாள். பூஜைப் பொட்டைக் கையால் துடைக்கக் கூடாது, தானாக உதிரட்டும் என்பது ஆபீஸ் வழக்கம். அந்த நம்பிக்கையில், விடுமுறை முடிந்து வந்து, 'இதுதான் கொட்டச்சேடு' என்று ஒரு குத்துமதிப்பில் தட்டினாள். கட்டடம் 4, ஓடு பிரித்தல். கொட்டச்சேட்டில் நாலாம் நம்பர் கொட்டகை. கரடியூரில் நாலாம் நம்பர் பங்களா!

அதுவும் இன்றைக்கா?

சாப்பாட்டு மேசையில் தலைக்கு மேல் வானத்தோடு உட்கார்ந்திருந்த ஹரிணிக்குக் கோயமுத்தூரில் ஏழு காப்பிக் கடைகள். அவர் கையெழுத்துப் போட்டால் இந்த வருஷக் காப்பி முழுக்க அவருக்குத்தான். மேனேஜர் மேக்ஸ்வெல் நேற்றே சொல்லிவிட்டார். "அந்தம்மா கையெழுத்துப் போட்டா உன் வேலை நிரந்தரம், புவனா. போடலைன்னா இந்த மாசத்தோட உன்னை வெச்சுக்க என்கிட்ட வழி இல்லம்மா."

நாலு வருஷமாகத் தற்காலிகம். அது இப்போது ஓடு ஓடாகக் கழன்றுகொண்டிருந்தது.

பெரியண்ணனுக்குப் போன் போட்டாள். கரடியூரின் ஓட்டு மேஸ்திரி அவர். பங்களாவுக்குள் யாருக்கும் டவர் கிடைக்காது. கூரை மேல் இருந்த அவருக்கு முழு டவர்.

"சொல்லு கண்ணு!"

"அண்ணா, நிறுத்துங்க! தப்பா வந்துருச்சுங்க! ஓட்டத் தொடாதீங்க!"

"பேப்பர் வந்துச்சே?"

"பேப்பரே தப்புங்கண்ணா!"

"அப்ப நிறுத்தச் சொல்லி ஒரு பேப்பர் அனுப்பு கண்ணு. நிறுத்திப் போடறேன்."

"கீழ விருந்தாளி சாப்புட்டுட்டு இருக்கறது உங்களுக்குத் தெரியலீங்களா?"

"தெரியுதே. பெரிய மனுசங்க, வானத்தப் பாத்துட்டே சாப்புடோணும்னு கேட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

பின்னணியில் மேக்ஸ்வெல்லின் குரல் கீழிருந்து கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. "யோவ் பெரியண்ணா! இறங்குய்யா கீழே!"

"சார் கத்தறாரு பாருங்கண்ணா. அவரு சொன்னாக்கூட நிறுத்த மாட்டீங்களா?"

"அவரு போட்ட ரூல்தான கண்ணு? போன வருஷம் ஒரு மரத்துக் கிளைய வெட்டுன்னு வாயில சொன்னாரு. அவரு காட்டுன பக்கம் பூரா வெட்டிப் போட்டோம். அன்னிக்குத்தான் சொன்னாரு, இனிமே பேப்பர் வந்தாத்தான் வேலை, பேப்பர் வந்தாத்தான் நிறுத்தம், நானே வந்து கத்துனாலும் கேக்காதேன்னு. இப்ப அவரேதான் வந்து கத்தறாரு. கேக்கலாமா?"

டப்பென்று இன்னொரு ஓடு கழன்ற சத்தம்.

புவனேஸ்வரி போனை மேசையில் வைத்தாள். கரடியூர் திரை எது? முதலாவதா, இரண்டாவதா, மூன்றாவதா? காலையிலிருந்து எத்தனையோ தடவை மாற்றி மாற்றித் தட்டியாயிற்று. ஒவ்வொன்றாக மூடித் திறந்தால் தொடக்கத்தில் ஊர்ப் பெயர் வரும். ஆனால் கரடியூர் லைன் ஒரு தடவை அறுந்தால் மறுபடி சேர அரை மணி ஆகும். அதற்குள் பங்களாவில் சுவர் மட்டும்தான் மிஞ்சும். ஜன்னலுக்கு வெளியே வேறு ஏரிக்கு மேல் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

'மன்னிச்சுக்க தாயே' என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, முந்தானையை நனைத்து, பொட்டைத் துடைத்தாள்.

கோந்து தன் வேலையைக் காட்டியது. பொட்டு போகவில்லை, பரவியது! திரையின் கீழ்ப்பாதி முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இழுபட்டு, கொலை நடந்த இடம் மாதிரி ஆயிற்று. எழுத்து மட்டும் தெரியவே இல்லை.

மேலே ஒரு பட்டன் மட்டும் சுத்தமாக இருந்தது. மென்பொருளைப் போட்டுக் கொடுத்த சேலத்துக்காரர் அதைக் காட்டிப் பயமுறுத்தியிருந்தார். "இதத் தொட்டுராதீங்க மேடம். இது ஆன்ல இருந்தா ஒரு இடத்துல அடிக்கறது மூணு இடத்துலயும் விழும்."

தொட்டாள். 'எண் 4, ரத்து' என்று அடித்து, கண்ணை இறுக மூடி என்டரைத் தட்டினாள். பிறகு திரைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

முதல் திரை: அப்படி ஒரு வேலை இல்லை.

இரண்டாம் திரை: கட்டடம் 4, வேலை நிறுத்தப்பட்டது.

கரடியூர் மாட்டியது! மூன்றாம் திரையைப் பார்க்கும் முன்பே போன் அடித்தது.

"பேப்பர் வந்துருச்சு கண்ணு. நிறுத்திப் போட்டேன்" என்றார் பெரியண்ணன். பீடி பற்ற வைக்கும் சத்தம் கேட்டது.

"புண்ணியமாப் போவுதுங்கண்ணா. பிரிச்ச ஓட்டச் சீக்கிரமா எடுத்து வெச்சிருங்க. மழை வருது."

"நிறுத்தச் சொல்லித்தான வந்திருக்குது? வெக்கச் சொல்லி வரலையே."

புவனேஸ்வரிக்கு அழுகை வரும்போல் இருந்தது. அழ நேரம் இல்லை. முதலில் அந்தப் பாழாய்ப்போன பட்டனை அணைத்தாள். இரண்டாம் திரைக்குப் போய், கட்டடம் 4, ஓடு வேய்தல் என்று அடித்து, எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு அனுப்பினாள். அதன் பிறகுதான் மூன்றாம் திரைக்கு வந்தாள்.

வண்டி 4, இன்றைய பயணம் ரத்து.

நாலாம் நம்பர் வண்டி ஹரிணிக்குக் கம்பெனி ஒதுக்கிய கார்! சாயங்காலம் அடிவாரத்திலிருந்து ஏறி வந்து, அவரை நாகலூர்ப் பக்கம் இன்னொரு கம்பெனி எஸ்டேட்டுக்குக் கூட்டிப் போக வேண்டிய கார். அங்கேயும் காப்பி பார்த்துவிட்டுத்தான் யாருக்குக் கையெழுத்து என்று முடிவு.

விரல் விசைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அப்படியே விட்டுவிட்டால்? கார் வராது. மழை பிடித்துக்கொண்டால் மலை மேல் வேறு வண்டியும் கிடைக்காது. போட்டிக் கம்பெனி காத்திருந்து காய்ந்துபோகும். கையெழுத்து இங்கேதான். வேலை நிரந்தரம். யாருக்கும் தெரியவும் தெரியாது.

ஆனால் ஒரு மனுஷி தலைக்கு மேல் கூரையும் இல்லாமல், வாசலில் காரும் இல்லாமல், தான் மாட்டிக்கொண்டதே தெரியாமல் பாயசம் குடித்துக்கொண்டிருப்பதை நினைத்தால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. போனை எடுத்தாள்.

"அண்ணா, சார்கிட்ட ஒரு விசயம் சொல்லோணுங்க. ஏணியில எறங்கிப் போயி, அவரு காதுல மட்டும் சொல்லுங்க. அவசரத்துல அந்தம்மாவோட காரையும் நான் ரத்துப் பண்ணிப்போட்டேன். திருப்பி வரச் சொல்லட்டுமான்னு கேளுங்க."

"அதுக்கெதுக்குக் கண்ணு ஏணி?" என்றவர், பிரித்த ஓட்டை வழியாகக் குனிந்து முழங்கினார். "சாஆர்! அம்மிணி காரையும் புவனா நிறுத்திப் போட்டுச்சாம்! காதுல மட்டும் சொல்லச் சொல்லுச்சு!"

புவனேஸ்வரி தலையில் கை வைத்தாள். பிறகு பெரியண்ணன் மெதுவாகச் சொன்னார். "அம்மிணி சிரிக்குது கண்ணு. அய்யோ, ஏணியில ஏறுது! சாமி, பாத்து வாங்க, ஓடு வழுக்கும்!"

போன் கை மாறியது.

"புவனேஸ்வரிங்களா? ஹரிணி பேசறேன்."

"மேடம், நொம்ப மன்னிச்சுக்கங்க. எல்லாமே என் தப்புங்க. காரை இப்பவே வரச் சொல்லிடறேன்."

"இருங்க. என் கடையில நான் ஒரு சத்தம் போட்டா, செய்யற வேலையப் போட்டுட்டு எல்லாரும் ஓடி வருவாங்க. எந்த வேலையும் முழுசா முடிஞ்சதில்ல. இங்க உங்க மேனேஜர் தொண்டை கிழியக் கத்தறாரு, இந்த அண்ணன் பீடி குடிக்கறாரு. எனக்கு வர்ற மூட்டையிலயும் இதே கறார்தானா?"

"ஆமாங்க. பேப்பர்ல என்ன இருக்குதோ அதுதாங்க ஏத்துவாங்க. யாரு சொன்னாலும் மாத்த மாட்டாங்க."

"பேப்பர்ல தப்பு இருந்தா?"

"தப்பும் அப்படியே வந்துருங்க."

ஹரிணி சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. அந்தச் சிரிப்போடு முதல் தூறலும் விழுந்திருக்க வேண்டும். "அய்யோ மழை!" என்ற குரல்கள், ஏணி கிறீச்சிட்ட சத்தம். போன் அறுந்தது.

அரை மணி கழித்து மேக்ஸ்வெல்லே டேங்க் மேல் ஏறிப் பேசினார். குரலில் தண்ணீர் சொட்டியது.

"ஓடு வேய்ஞ்சாச்சு. பேப்பர் வந்தப்புறம்தான் கை வெச்சான் படுபாவி. புவனா, அந்தம்மா காரை அனுப்பு. ஆனா நாகலூருக்கு இல்ல, நேரா கோயமுத்தூருக்கு."

"சார், அப்ப கையெழுத்து?"

"போட்டுட்டாங்க. ஒரு கண்டிஷன். மேஸ்திரி கைக்குப் பேப்பர் போறதுக்கு முன்னாடி, கரடியூர்ல ஒரு ஆள் உக்காந்து அதைப் படிச்சுப் பாக்கணுமாம். பேப்பர்ல தப்பு வரும்னு வாயைத் திறந்து சொன்ன அந்தப் பொண்ணையே போடுங்கன்னுட்டாங்க. திங்கட்கிழமையிலிருந்து நீ கரடியூர். நிரந்தரம். இந்த மூணு திரையைக் கட்டி மேய்க்க வேற ஆள் பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கரடியூர் போய் இறங்கினாள். அங்கத்து ஆபீஸில் பிரிண்டருக்குப் பக்கத்தில் புது நாற்காலி. வாசலில் துண்டைத் தோளில் போட்டபடி பெரியண்ணன் நின்றார். பிரிண்டர் கரகரவென்று ஒரு பேப்பரைத் தள்ளியது. அவர் நீட்டிய கையில் கொடுக்காமல், மேலிருந்து கீழ்வரை படித்தாள். போன் போட்டு ஏற்காட்டில் இரண்டு கேள்வி கேட்டாள். தப்பு என்று தெரிந்ததும் பேப்பரைக் கிழித்துக் கூடையில் போட்டாள். அடுத்த பேப்பரையும் அப்படியே.

பெரியண்ணன் கூடையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"இப்புடிப் படிச்சுப் படிச்சுக் குடுத்தீன்னா கண்ணு, அப்புறம் எங்களுக்கு வேலைன்னு என்னதான் மிச்சம் இருக்கும்?"