தம்பிக்கு முகம் தெரியணும்

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காரும்மா. தம்பிக்கு முகம் தெரியல."

மாமா சொன்னபோது அவள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை. மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து அவள் தோளை உரசினாற்போல் போட்டார். அதன் மேல் இரண்டு தலையணை. தலையணையில் சாய்த்து அம்மாவின் போன். போனில் தம்பி.

"இப்ப தெரியுதாடா குட்டி?"

"அக்கா தலை மறைக்குது மாமா."

அவள் நகர்ந்தாள். கால்மாட்டுப் பக்கம்தான் இடம் இருந்தது.

குட்டி வெளிநாட்டுக்குப் படிக்கப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பாஸ்போர்ட் விசா நீட்டிப்புக்குப் போயிருக்கிறது, அது கைக்கு வராமல் அவனால் கிளம்ப முடியாது என்று காலையிலேயே எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. அதனால் வந்தவர்கள் அம்மாவைப் பார்த்து அழுதார்கள், பிறகு போனைப் பார்த்து இன்னும் சத்தமாக அழுதார்கள். "ஐயோ ராசா, கண் காணாத இடத்துல தனியா கெடந்து தவிக்கிறியே!" அவளிடம் வந்தவர்கள், "தம்பி ஏதாவது சாப்பிட்டானா, கேட்டியா?" என்றார்கள்.

அவளும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

போன புதிதில் அவனுக்கு அங்கே சோறு இறங்கவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கம் இல்லாதவன். வகுப்பில் பேசுவது பாதி புரியவில்லை, பஸ்ஸில் இறங்கும் இடம் தெரியாமல் கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு நடந்து வருகிறேன் என்றெல்லாம் சொல்லி அழுதான். அம்மாதான் ஒரு வழி சொன்னாள். "பேசக்கூட வேணாம்டா. போன எதுலயாவது சாய்ச்சு வச்சிட்டு உன் வேலையப் பாரு. நான் என் வேலையப் பாக்கறேன். வீட்ல இருக்கற மாதிரியே இருக்கும்."

அன்றிலிருந்து சமையலறையில் உப்பு டப்பாவில் சாய்ந்தபடி அவன் இருந்தான். அவன் அங்கே வெங்காயம் நறுக்குவான், அம்மா இங்கே காய் நறுக்குவாள். அவன் படிப்பான், அம்மா முந்தானையை விரித்துப் படுத்துக்கொள்வாள். அங்கே ஆறு பேருக்கு ஒரே சமையலறை, ஒரே ஃப்ரிட்ஜ். யாரோ அவன் பாலைத் தினமும் குடித்துவிடுகிறார்கள். யாரென்று கண்டுபிடித்ததும் அம்மாதான்.

"அந்த ஒட்டடைக்கொம்புதான்டா. நீ பாத்திரம் கழுவத் திரும்பினப்ப எடுத்து மடமடன்னு குடிச்சான். நான் பாத்துட்டேன்."

அந்த உயரமான பையன்தான் பிறகு அவனுக்கு நெருங்கிய சிநேகிதன் ஆனான். போனுக்குள் தலையை நீட்டி, "சாப்டீங்களாம்மா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டான். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இதையெல்லாம் பார்க்கும்போது மகளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் துணி துவைக்கிற கிழமை அம்மாவுக்குத் தெரியும். அவன் ஏறுகிற பஸ் நம்பர் தெரியும். அவள் மருந்துக்கடையில் பில் போடுகிறாள், ஷிஃப்ட் மாறி மாசக்கணக்கில் ஆகிறது. இன்னமும் அம்மா, "இன்னைக்கு என்ன இவ்வளவு லேட்டு?" என்பாள். ஒருநாள் தொப்பலாக நனைந்து வாசலில் வந்து நின்றாள். அம்மா சமையலறையிலிருந்து திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "அங்க ஒரே மழையாம்டி. குடைகூட எடுக்காம போயிட்டான், பாவம்."

ஒருமுறை அவளும் செய்து பார்த்தாள். கடையில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போனை மாத்திரை அட்டைப்பெட்டியில் சாய்த்துவைத்து அம்மாவை வீடியோவில் கூப்பிட்டாள். அம்மா பதறிப்போனாள். "என்னடி, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. சும்மாதான். சாப்பிடறேன்."

"சாப்பிடறதுக்கு எதுக்குடி போன்? வை, வை. குட்டி வர்ற நேரம்."

அதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று காலை அவள் பின்பக்கம் வாஷிங் மெஷின் பக்கத்தில் இருந்தாள். அது பிழிகிற சத்தத்தில் வேறு ஒன்றும் கேட்காது. போன் அடித்தது. ஏதோ வெளிநாட்டு நம்பர். இப்படித்தான் ஏமாற்றுக்காரர்கள் கூப்பிடுகிறார்கள் என்று கடையில் எல்லோரும் சொல்வார்கள். கட் செய்தாள். மறுபடி அடித்தது. மறுபடியும் கட் செய்தாள். அடுத்த தடவை திட்டுவதற்காகவே எடுத்தாள்.

"அக்கா, நான்தான். இது ஒட்டடைக்கொம்பு போன். அம்மா லைன கட் பண்ண மனசு வரல. ஓடு. அம்மாவப் போய்ப் பாரு."

தான் இருக்கிற வீட்டில் நடந்ததை எங்கேயோ இருக்கிறவன் சொல்லித்தான் அவள் தெரிந்துகொண்டாள். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி இறங்கியிருந்தது. நாடி பிடித்துப் பார்த்தாள், இல்லை. அம்மாவின் முகத்தில் ஒரு சிரிப்பு அப்படியே நின்றிருந்தது. அது தனக்கானது இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

மத்தியானத்துக்கு மேல்தான் பெரியம்மா வந்து சேர்ந்தாள். அம்மாவுக்கு மூத்தவள், மூட்டுவலிக்காரி. இரண்டு பேர் தாங்கிப்பிடித்து உள்ளே கொண்டுவந்தார்கள். பெட்டிமேல் விழுந்து அழுது முடித்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

"எப்படிடி ஆச்சு? நேத்துகூட என்கிட்ட வம்பு பேசினாளே. கடைசி நேரத்துல யாருடி பக்கத்துல இருந்தா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"நான்தான் பெரியம்மா," என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் கையத்தான் புடிச்சிக்கிட்டிருந்தா. அப்படியே என்மேல சாஞ்சிட்டா."

சொல்லிவிட்டுத்தான் போன் ஞாபகம் வந்தது. நாற்காலியில் அவன் கண் சிமிட்டாமல் இருந்தான். லைன் நின்றுபோய்விட்டதோ என்றுகூட நினைத்தாள். நின்றிருக்கக் கூடாதா என்றும் நினைத்தாள்.

"குட்டி, நீயும் பாத்தியாடா?" பெரியம்மா போன் பக்கம் திரும்பினாள்.

அவன் போனுக்கு இன்னும் கிட்டே வந்தான்.

"ஆமா பெரியம்மா. நான் லைன்ல இருந்தேன். அக்கா மேலதான் சாஞ்சிருந்தாங்க."

பெரியம்மா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "குடுத்து வச்சவடி நீ. பெத்தவ உயிரு உன் கையில போயிருக்கு. யாருக்குடி கிடைக்கும்?"

அவளுக்கு நிம்மதி வரவில்லை. தட்டில் மிச்சம் இருந்ததை 'நீயே தின்னு' என்று அவன் நகர்த்திக் கொடுத்த மாதிரி இருந்தது. அதுவும் அவன் கையிலிருந்துதான் வரவேண்டியிருக்கிறது.

வண்டி வந்தது. மாமா போனைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினார். எல்லாம் முடிந்து திரும்பியபோது இங்கே பொழுது சாய்ந்திருந்தது. அங்கே காலை. மாமா போனை அவளிடம் கொடுத்தார். "சார்ஜ் போடும்மா. பையன் ராத்திரி பூரா தூங்கல. நாலு வார்த்தை ஆறுதலா பேசு."

உள்ளறையில் பிளக்கில் செருகிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அவன் தரையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"பெரியம்மாகிட்ட."

"நீதான சொன்ன. நான் ஆமான்னேன். அவ்வளவுதான்."

"உன் ஆமா எனக்கு வேணாம்."

"சரி. போன் போட்டு இல்லன்னு சொல்லிடவா?"

ஜன்னலுக்கு வெளியே யாரோ நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம்.

"கடைசியா என்ன பேசினா?"

"விடுக்கா."

"சொல்லுடா. உனக்குத்தான தெரியும். எல்லாமே உனக்குத்தான தெரியும்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "துணி துவைச்சேன். க்ளாஸ்ல கட்டுரை வாசிக்கணும்னு வெள்ளைச் சட்டையத் துவைக்கப் போட்டேன். சிவப்புத் துண்டும் அதோட சேர்ந்துடுச்சு. எடுத்தா ரோஸ் கலர். அம்மாகிட்ட தூக்கிக் காட்டினேன். சிரிச்சா. 'போட்டுக் காட்டுடா, மாப்பிள்ளை மாதிரி இருக்கும்'னா. ஈரத்தோட போட்டுக்கிட்டு இப்படித் திரும்பித் திரும்பிக் காட்டினேன்."

"அப்புறம்?"

"சிரிச்சிக்கிட்டே பின்னால சாஞ்சா. எப்பவும் அப்படித்தான சிரிப்பா. நானும் சிரிச்சேன்." அவன் குரல் உடைந்தது. "அவ போயிட்டான்னு தெரியாம நான் இந்தப் பக்கம் சிரிச்சிக்கிட்டே நிக்கறேன்க்கா."

அவனுக்கு ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அவள் அம்மாவின் சிரிப்பைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தான் சொல்லி அம்மா அப்படிப் பின்னால் சாய்ந்து சிரித்தது எப்போது என்று யோசித்தாள். ஒன்றும் வரவில்லை.

"அந்தச் சட்டை எங்க?"

"கழட்டி பக்கெட்ல போட்டேன். ஏன்?"

"எனக்கு அனுப்பிடு."

"எதுக்கு?"

"எதுக்கோ. நீ போட்டுக்கவா போற? எனக்கு அனுப்பு."

"முடியாது."

"ஏன்டா முடியாது? சாயம் ஏறின ஒரு சட்டை."

"அது என்னோடது."

"எல்லாமே உன்னோடதுதான். நாள் பூரா உன்கூடத்தான இருந்தா. நான் கேக்கறது ஒரு சட்டை."

"உனக்கு வீடு பூரா அவ சாமான் இருக்கு!" அவன் கத்தினான். "அவ புடவை இருக்கு. சீப்புல அவ முடி இருக்கும், போய்ப் பாரு. காலைல நீ அவளத் தொட்ட. நான் ராத்திரி பூரா என்ன பாத்தேன் தெரியுமா? போன்ல ஒரு கண்ணாடி, அதுக்குள்ள ஒரு கண்ணாடி. நீ துடைக்கத் துடைக்க மறுபடி ஆவி படியுது. எனக்கு அதுதான் தெரிஞ்சது."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நின்றுவிட்டு, பேச்சுக்குரல் கேட்டுத் திரும்பிப் போனார்கள்.

"காட்டு," என்றாள்.

அவன் எழுந்து போனான். பக்கெட்டோடு வந்தான். சட்டையைத் தூக்கினான். சாயம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஏறவில்லை. காலரில் அதிகம், கைகளில் திட்டுத்திட்டாக இருந்தது. ராத்திரியிலிருந்து தண்ணீரில் கிடந்ததால் கசங்கிச் சுருங்கியிருந்தது. பக்கெட்டின் மேலேயே இரண்டு கையாலும் முறுக்கினான்.

"அப்படி முறுக்காதடா. தையல் விட்டுடும்."

அவன் பிடியைத் தளர்த்தினான். மடித்துவைத்து அமுக்கினான். பிறகு நாற்காலி முதுகில் தோள் இரண்டும் சரியாக வருமாறு மாட்டினான். பொத்தானையும் போட்டான். போனை நகர்த்தி, சட்டை முழுசாகத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டான். அவன் தெரியவில்லை. சட்டை மட்டும் தெரிந்தது.

"கீழ ஏதாவது வை. தரையெல்லாம் ஈரமாகுது."

கை மட்டும் நீண்டு ஒரு பாத்திரத்தை நகர்த்தி வைத்தது.

ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. வாசலில் மாமா யாரையோ வழியனுப்பிக்கொண்டிருந்தார், அந்தச் சத்தத்தில் அடுத்தது கேட்கவில்லை. அவள் போனின் பக்கவாட்டில் விரலை வைத்து ஒலியைக் கூட்டினாள்.