ஒரு சொல் பின்னால்

அந்த வீட்டில் மூத்த மகளுக்கு மெக்கானிக் என்று பெயர். பெயர் வைத்தவன் தம்பி. அவள் வேலை பார்ப்பது என்னவோ காப்பீட்டு அலுவலகத்தில்தான். ஆனால் வீட்டுக்கு வந்து கைகால் கழுவியதும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள். அதில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். விண்டோஸுக்கென்று செய்த விளையாட்டுகளை அதில் ஓடவைத்துக் காட்டுவதில் அவளுக்கு ஒரு வீம்பு. ஓடவைக்க நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வாள், ஓட ஆரம்பித்ததும் விளையாடக்கூட மாட்டாள், அடுத்ததைத் தேடிப் போய்விடுவாள். அப்படி ஒரு பிறவி.

அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டில் அப்பா, அவள், தம்பி, மூன்றே பேர். அப்பாவுக்குத் திடீரென்று பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. கை கொஞ்சம் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை. நாம் சொல்வது புரியும், பார்ப்பது புரியும். அதன் பெயர்தான் வாயில் வராது. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள், வீட்டிலும் தினமும் பழகட்டும் என்று ஒரு விளையாட்டைக் கொடுத்தார். குழந்தைகளுக்காகச் செய்தது. ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஒரு படம் வரும், ஒரு பெண் குரல் அதன் பெயரைச் சொல்லும். கதவு, சாவி, நாற்காலி, குடை என்று எப்போதும் ஒரே வரிசை. விண்டோஸில் மட்டும்தான் ஓடும் என்றார் அவர்.

"ஆபீஸ்ல சும்மா கெடக்கிற லேப்டாப் ஒண்ணு இருக்குக்கா. விண்டோஸ்தான். கேட்டு வாங்கிட்டு வரேன்," என்றான் தம்பி.

"ஒண்ணும் வேணாம். என்னோடதுலயே ஓடும்," என்றாள்.

ஓடவில்லை. இசை வந்தது, திரை கறுப்பாகவே நின்றது. பழைய விளையாட்டு, சின்னத் திரையைத்தான் எதிர்பார்க்கிறது என்று கண்டுபிடித்துத் திரைக்குள்ளேயே அதற்கென்று ஒரு குட்டித் திரையை ஒதுக்கிக் கொடுத்தாள். படம் வந்தது, பசு பச்சையாக நின்றது. நிறத்தைச் சரிசெய்தால் சத்தம் மக்கர் பண்ணியது. அந்தப் பெண் குரல் சூடான எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரிந்தது. கம்ப்யூட்டர் சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வெளியே விடும், சேர்த்து வைக்கும் இடம் போதாவிட்டால் இப்படிப் பொரியும். அவள் இடத்தைப் பெரிதாக்கினாள். அப்போதும் பொரியவே, விட்டேனா பார் என்று இன்னும் பெரிதாக்கினாள். தொடக்க இசை பிசிறில்லாமல் ஓடியது. அதை முழுக்கக் கேட்டுவிட்டு, "பாத்தியாடா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். தம்பிக்கு ராத்திரி வேலை, பகலில் தூங்குவான். அதனால் அப்பாவின் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து அப்பா தினமும் உட்கார்ந்தார். இடது கையால் தட்டுவார், பார்ப்பார், கேட்பார், உதட்டை அசைப்பார். அலுவலகத்திலிருந்து வந்ததும் வராததுமாக அவள், "என்னப்பா, நல்லா ஓடுதா?" என்று கேட்பாள். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை, விளையாட்டு எப்படி ஓடுகிறது என்றுதான் கேட்டாள். அவர் தலையாட்டுவார். அவளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும்.

பயிற்சி நிலையத்தில் சோதனைக்கு வரச்சொன்னார்கள். இந்தத் தடவையும் முன்னேற்றம் தெரியாவிட்டால், வெளியே காத்திருக்கும் வேறொருவருக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார்கள். பயிற்சி நின்றால் அப்பா இனி ஊமைதான். அது மூன்று பேருக்கும் தெரியும்.

அந்த அம்மாள் மேசைமேல் சாவிப் படத்தை வைத்தார்.

"கதவு," என்றார் அப்பா. தெளிவாகச் சொன்னார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டதில் மகளுக்கு உடம்பே சிலிர்த்தது. அந்த அம்மாள் நாற்காலியைக் காட்டினார். "சாவி." குடையைக் காட்டினார். "நாற்காலி."

அப்பாவைத் தம்பியோடு வெளியே உட்கார வைத்துவிட்டு அந்த அம்மாள் அவளிடம் பேசினார்.

"வார்த்தை வருதும்மா. ஆனா படத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. சாவியக் காட்டினா கதவு, எத்தன தடவ கேட்டாலும் அதே தப்பு. மூளையில இன்னும் ஏதாவது ஆயிருக்கான்னு டாக்டர்கிட்ட காட்டிடுங்க. இங்க இடம்... என் கையில இல்லம்மா."

"போதும்க்கா. இனிமே அவரப் போட்டுப் படுத்த வேணாம்," என்றான் தம்பி, வண்டியில் வரும்போது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் அதே தப்பு என்பதுதான் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டுப்போன மூளை ஒருநாள் குடை என்னும், ஒருநாள் பசு என்னும். ஒரே மாதிரி வருகிற தப்புக்குப் பின்னால் எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அவள் ஆயுசில் பாதி அந்த மாதிரித் தப்புகளைத் துரத்துவதில்தான் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹெட்போனை எடுத்து, முதன்முறையாகத் தன் காதில் மாட்டிக்கொண்டாள். தட்டினாள். கதவு வந்தது, சத்தமே இல்லை. மறுபடி தட்டினாள். திரையில் சாவி, காதில் "கதவு". அடுத்துத் திரையில் நாற்காலி, காதில் "சாவி".

ஆள் நிறைந்தால்தான் கிளம்புவேன் என்று நிற்கும் வண்டி மாதிரி ஆகியிருந்தது சத்தத்துக்கென்று அவள் பெரிதாக்கி வைத்த இடம். நீளமான தொடக்க இசை அதைத் தானே நிரப்பிவிட்டது. ஒற்றைச் சொல் நிரப்பவில்லை, அடுத்த சொல் வந்து தள்ளும்வரை உள்ளேயே காத்துக்கிடந்தது. அவள் சோதித்துப் பார்த்ததோ இசையை மட்டும். இத்தனை நாளும் அப்பா ஒன்றுவிடாமல் கற்றுக்கொண்டிருக்கிறார். கற்றுக்கொடுத்ததுதான் தப்பு. பாவம், அவருக்கு அது எங்கே தெரிந்திருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு மூவரும் திரும்பப் போனார்கள். அவள் சொன்னதில் அந்த அம்மாளுக்கு நம்பிக்கையே வரவில்லை. ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு அவள் தட்டித் தட்டிக் காட்டினாள். பிறகு அவர் தம் படங்களைக் கலைத்துப்போட்டு ஒவ்வொன்றாய்க் காட்ட, அப்பா சொல்லச் சொல்ல, அவர் காட்டிய படத்துக்கு விளையாட்டில் முந்தி வரும் படத்தை அவள் கொண்டுவந்து நிறுத்தினாள். அப்பா சொன்னது அதன் பெயர்தான். ஒன்றுகூடப் பிசகவில்லை. அந்த அம்மாள் படங்களை மேசைமேல் வைத்துவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"இப்படிக் கத்துக்கிறவர நான் இங்க பார்த்ததே இல்ல," என்றார். "அவரோட இடம் அவருக்குத்தான். மேல நான் பேசிக்கிறேன்."

தம்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் அவள் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்பது அவளுக்குக் கைவந்த காரியம் இல்லை.

"அப்பா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் மாத்தி வச்சதுல வந்த கோளாறு. அது உங்களுக்கு எல்லாத்தையும் தப்புத் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கு."

அப்பா அவளையே பார்த்தார். உதடு கூடியது, பிரிந்தது, மறுபடி கூடியது. அவள் பொறுத்திருந்தாள்.

"தெரியும்," என்றார்.

விளையாட்டில் அந்தச் சொல் கிடையாது. அவருடைய சொந்தச் சொல் என்று முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் பொங்கியது. அதன் அர்த்தம் அப்புறம்தான் உறைத்தது. சாவி எது, கதவு எது என்று அவருக்குத் தெரியாமலா போகும்? பழகிய வாயில் வந்ததுதான் வேறு.

"தெரிஞ்சுமாப்பா? அதக் கழட்டி வீசியிருக்கலாமே. ஏம்ப்பா தினமும் தலையாட்டினீங்க?"

அவர் இடது கையைத் தூக்கி அவள் கன்னத்தில் வைத்தார். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"நீ... சந்தோஷமா... கேட்ட."

அவள் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.