லேகியத்துப் பிள்ளைகள்

"வேற ஏதாச்சும் மருந்து சாப்பிடுறீங்களா இலக்கியா? சூரணம், லேகியம், எதுனாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன்" என்று டாக்டர் ஷர்லி கேட்டார்.

"இல்லைங்க டாக்டர்."

பொய் இவ்வளவு சுலபமாக வாயில் வந்து நின்றது இலக்கியாவுக்கே ஆச்சரியம். காலையில் வயிற்றில் ஊசி, ராத்திரி நெல்லிக்காய் அளவு லேகியம். எது கைகொடுத்தாலும் சரி என்று இரண்டையும் பிடித்துக்கொண்டிருந்தாள். புருஷன் பிரவீன்குமாருக்குக்கூட லேகியம் தெரியாது. இப்போது சொன்னால் டாக்டர் அதை நிறுத்தச் சொல்வார். நிறுத்திவிட்டால், பிள்ளை அதில்தான் இருந்திருக்குமோ என்று காலமெல்லாம் அரித்துக்கொண்டே இருக்கும்.

"ரத்த டெஸ்டுல ஈரல் அளவு இருக்க வேண்டியதுக்கு மேல ஏறியிருக்கு. ஏன்னு தெரியாம மேல போறது ஆபத்து. இன்னைக்கு ஊசி வேணாம். சாயங்காலத்துக்குள்ள யோசிச்சுச் சொல்றேன்" என்றார் டாக்டர்.

யோசிப்பதாம். இரண்டு தடவை சிகிச்சை பலிக்காமல் போய் இது மூன்றாவது. கருமுட்டை குறைந்துகொண்டே வருகிறது, தள்ளிப்போடாதீர்கள் என்று சொன்னவரும் இதே டாக்டர்தான். திருச்சியில் பஸ் ஏறியவளுக்குக் கறம்பக்குடியில் தன் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. கீரனூரில் இறங்கி, பஸ் மாறி, குன்றாண்டார்கோவிலில் சத்யா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

சத்யா அவளுடைய பெரியம்மா மகள். கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லாமல் பேச்சு வாங்கி, கடைசியில் ஒரே பிரசவத்தில் இரண்டு ஆண்பிள்ளைகளைப் பெற்றவள். லேகியத்துப் பிள்ளைகள் என்றுதான் அந்தத் தெருவே சொல்லும். போன மாதம் இலக்கியா விசாரித்தபோது சத்யாவின் மாமியார் சொர்ணவல்லிதான் உள்ளே போய் பாட்டிலை எடுத்துவந்து கையில் திணித்தாள். சத்யா பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் இலக்கியா சாப்பிட்டாள்.

அடுப்படியில் சத்யா பிள்ளைகளுக்குப் பருப்புச்சோறு பிசைந்துகொண்டிருந்தாள். மாமியார் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, லேகியம் சாப்பிட்டப்ப ஒனக்கு ரத்தத்துல ஏதும் கோளாறு காட்டுச்சா? எனக்குக் காட்டுது. ஊசிய நிறுத்திருவாங்களோன்னு பயமா இருக்கு."

சத்யாவின் கை சோற்றிலேயே நின்றது. "ஊசியா? நீ ஆஸ்பத்திரிக்கா போற?"

"ரெண்டு வருசமா."

சத்யா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நான் அதைத் தொட்டுக்கூடப் பாக்கலடி. இவனுக ரெண்டு பேரும் மதுரையில ஊசி போட்டு, ஆஸ்பத்திரியில கரு வச்சுப் பொறந்தவனுக. கொறை அவருகிட்ட. ஊருக்குத் தெரிஞ்சா மானம் போயிரும்னு அத்ததான் லேகியம்னு சொல்லிட்டாங்க. ஊரு நம்பணுமேன்னு வாங்கி வச்ச பாட்டிலு அது."

இலக்கியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "போன்லயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ ஆஸ்பத்திரிக்குப் போறன்னு என்கிட்டச் சொன்னியா? சும்மா ஒரு நம்பிக்கைக்குத் திங்கிறன்னு நெனச்சேன்."

இலக்கியாவும் ஊருக்கெல்லாம் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லிவிட்டுத்தான் திருச்சிக்குப் போய்வந்தாள்.

கொல்லைப்பக்கம் போய் டாக்டருக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் வாக்குக் கொடுத்தபடியே திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"லேகியம்தான் காரணமான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அதை இன்னையோட விட்டுருங்க. இந்த மாசம் வேணாம், இலக்கியா. ஈரல் சரியாகட்டும், அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் என்பது எப்போது என்று கேட்கப் பயந்து போனை வைத்தாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது, சொர்ணவல்லியோடு பக்கத்து வீட்டு உண்ணாமலையும் கூடத்தில் இருந்தாள்.

"என் மருமகளுக்குப் புதுக்கோட்டையில ஊசி போடுறாங்க. கூடவே இந்த லேகியத்தையும் குடுத்தா சீக்கிரம் தங்கும்ல? ஏன் சத்யா, ஒனக்கு எத்தன மாசத்துல தங்குச்சு?" என்று உண்ணாமலை கேட்டாள்.

சத்யா இலக்கியாவைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள். சொல்லிவிடு அக்கா, இப்போதாவது சொல்லிவிடு என்று இலக்கியாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"ரெண்டே மாசத்துல" என்றாள் சத்யா.

உண்ணாமலை லேகியம் விற்கும் வைத்தியர் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு கிளம்பினாள். இலக்கியா செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடி அவளை நிறுத்தினாள். சத்யாவின் பேச்சை எடுக்கவில்லை. தன் கதையை மட்டும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஊசியை, லேகியத்தை, டாக்டரிடம் சொன்ன பொய்யை, வீணாய்ப் போன இந்த மாதத்துச் சிகிச்சையை. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நடுத்தெருவில் நின்று இதையெல்லாம் சொல்ல நேரும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"ஒங்க மருமக எதைச் சாப்பிட்டாலும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சாப்பிடச் சொல்லுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

உண்ணாமலை முழுக்கக் கேட்டாள். அவள் கண்கூடக் கலங்கியது. இலக்கியாவின் தாடையைத் தொட்டாள்.

"கோவிச்சுக்காத ஆத்தா. ஒனக்கு இன்னும் ஒண்ணும் தங்கல. அவ ரெண்டு பெத்து வச்சிருக்கா. நான் யாரு பேச்சக் கேக்குறது, சொல்லு?"

அதற்குப் பதில் சத்யாவிடம் இருந்தது. அவள் உள்ளே பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.